கச்சேரே மரத்தின் மேற்குப் பக்கம்

பொக்லைன் மூன்றாவது வேரை அறுத்தபோது எனெலேசி கையிலிருந்த துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் குழிக்குள் இறங்கினாள். ஆள் இறங்குவதைப் பார்த்த ஓட்டுநர் சட்டென்று இயந்திரத்தை அணைத்தான். இரும்புப் பல்லிலிருந்து வேர்நார் கயிறு கயிறாகத் தொங்கியது. அறுபட்ட இடத்தில் பால் வெள்ளையாகச் சொட்டியது.

"அக்கா, மேல ஏறுங்க. மண்ணு சரிஞ்சா நான்தான் பதில் சொல்லணும்," என்றான் மேஸ்திரி வைசன்.

"இதுக்கு யாரு பதில் சொல்றது?" அவள் வேரைத் தொட்டுக் காட்டினாள். அவள் தொடைக் கனம் இருந்தது அது. "குழிய எட்டடி தள்ளித் தோண்டினா உன் குழாய்க்கு வயித்துவலியா வந்துடும்?"

"படத்துல இப்படித்தான் போட்டிருக்கு."

"படம் போட்டவரு இந்த மரத்தப் பாத்திருக்காரா?"

"அவரு ப்ளாண்டைர் டவுன்ல இருக்காரு அக்கா."

"மரம் இங்கல்ல இருக்கு."

மேலே நின்றிருந்த பெண்கள் சிரித்தார்கள். எல்லாரும் நோயாளிகளோடு வந்த துணையாட்கள். மாவட்ட மருத்துவமனையில் மருந்து கொடுப்பார்கள், ஊசி போடுவார்கள். நோயாளிக்குச் சமைப்பது, துவைப்பது, துடைத்துவிடுவது எல்லாம் கூட வந்தவர்கள் பாடு. அவர்களுக்கென்று ஒரு தகரக் கொட்டகை இருந்தது. பகலில் அதற்குள் உட்கார்ந்தால் வெந்துவிடலாம். அதனால் முப்பது நாற்பது குடும்பங்களுக்குச் சமையலறையும் கூடமும் கச்சேரே மரத்தடிதான். ஆலமரத்துக்குத் தம்பி போன்ற மரம் அது. எட்டுப் பேர் கைகோத்தால்தான் அடிமரத்தைச் சுற்ற முடியும். அதன் கீழே மூன்று கல் வைத்து மக்காச்சோளக் களி கிண்டாதவர்கள் அந்த மாவட்டத்தில் குறைவு.

எனெலேசி அங்கே பதினோரு வருடமாக வளாகம் கூட்டுபவள். அதற்கு முன் வனத்துறை நாற்றங்காலில் வேலை பார்த்தவள். நெடுஞ்சாலையை அகலப்படுத்திய காலத்தில் வேர் அறுபட்ட மரங்களில் எது பிழைத்தது, எது எத்தனை மாதம் கழித்துச் செத்தது என்று நடந்து நடந்து எழுதிக்கொண்டு வருவது அங்கே அவள் வேலைகளில் ஒன்று. அதனால் அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது.

அரை மணி நேரத்தில் நிர்வாகி மசேசே அம்மையார் கூப்பிட்டனுப்பினார். அறைக்கு வெளியே பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்கள். உள்ளே போனதும் ஒரு தாள் நீட்டப்பட்டது. கட்டட வேலைக்கு இடையூறு செய்ததாக எச்சரிக்கை.

"கையெழுத்துப் போடுங்க."

"போட மாட்டேன் மேடம்."

"தப்ப ஒத்துக்கிட்டதா அர்த்தமில்ல. படிச்சதுக்கான கையெழுத்து."

"படிச்சேன். பொய்யா இருந்துச்சு. பொய்க்குக் கீழ எம் பேரு எதுக்கு?"

மசேசே கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கெட்ட மனுஷி இல்லை. ஒரு கட்டிலில் இரண்டு பிரசவக்காரிகளைப் படுக்கவைக்க வேண்டியிருக்கிறதே என்று புது வார்டுக்காக ஆறு வருடம் கடிதம் எழுதி அலைந்தவர். அந்த வார்டுக்குக் குறுக்கே ஒரு கூட்டுகிறவள் வந்து நிற்பதை அவரால் பொறுக்க முடியவில்லை.

"நாளையிலேர்ந்து வளாகத்துல உங்களுக்கு வேலை இல்ல. பிணவறையில சுத்தம் பண்ண ஆள் இல்லாம இருக்கு. அங்க போங்க."

எனெலேசி திரும்பி வந்தபோது குழி முழு நீளத்துக்கும் தோண்டியாகிவிட்டது. மரத்தின் கிழக்குப் பக்கத்து வேர் ஒன்றுகூட மிச்சமில்லை. பெஞ்சில் இரண்டு மணி நேரம் காத்திருக்கவைத்தது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. தோண்டிய மண்ணை அடிமரத்தின்மேல் இடுப்பளவுக்குக் குவித்திருந்தார்கள்.

அவள் யாரையும் திட்டவில்லை. கொட்டகையில் ஒருவரிடமிருந்து கைரம்பம் வாங்கிவந்தாள். குழாய் வந்து சேர ஐந்து நாள் ஆகும் என்பதால் குழி திறந்தே கிடந்தது. அவள் உள்ளே இறங்கி, பிய்ந்து சிதைந்து கிடந்த வேர்முனைகளை ஒவ்வொன்றாகச் சீராக அறுத்தாள். சிதைந்த முனை அழுகும்; சீராக வெட்டிய முனையிலிருந்து புது வேர் விடும். பிறகு சாக்குகளை நனைத்து வேர்முனைகளின்மேல் திரை போலத் தொங்கவிட்டாள். வேலை முடிந்து கிளம்பிய வைசன் குழி விளிம்பில் கொஞ்சம் நின்றான்.

"இத நான் பாக்கல," என்றான்.

"பாத்திருந்தா ஒரு வாளி தண்ணி கொண்டாந்திருப்ப," என்றாள் அவள்.

அவன் போய்விட்டான். மறுநாள் காலை சாக்குகள் அவள் வருவதற்கு முன்பே நனைந்திருந்தன.

இத்தனை செய்தும் செப்டம்பர் கடைசியில் மரம் மொட்டையானது. முதலில் கிழக்குப் பக்கம் மஞ்சளாயிற்று, பிறகு உச்சி, பிறகு எல்லாம். ஒரு வாரம் காற்றே இல்லாமல் இலை கொட்டியது. வெயில் ஏறிக்கொண்டே போன மாதம் அது. துணையாட்கள் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு வெட்டவெளியில் களி கிண்டினார்கள். ப்ளாண்டைரிலிருந்து, படம் போட்ட இன்ஜினியர் கலோங்கா வந்தார். மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "செத்துப்போச்சு. திங்கக்கிழமை அறுத்துடுங்க," என்றார்.

திங்கட்கிழமை இயந்திர ரம்பத்தோடு ஆள் வந்தபோது அடிமரத்தில் சாய்ந்து ஒரு பெண் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பெயர் மலிட்டா. அவள் புருஷன் கரி மூட்டை ஏற்றிய சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டவன். காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, மூன்று மாதம் அசையக் கூடாது என்று படுக்கவைத்திருந்தார்கள்.

"எந்திரிம்மா, மரத்த அறுக்கணும்," என்றார் கலோங்கா.

"ஏன் புவானா?" ஐயா என்பதற்கு அங்கே அப்படித்தான்.

"செத்துப்போச்சு."

"யாரு சொன்னது, டாக்டரா? எம் புருஷன்கூடத்தான் அசையாமக் கெடக்கான். அவனையும் அறுத்துடுவீங்களா?"

கூட்டம் சேர்ந்தது. மசேசே அம்மையாரும் வந்துவிட்டார். பிணவறையிலிருந்து எனெலேசி ரப்பர் பூட்ஸும் நீளமான ஏப்ரனுமாக நடந்து வந்தாள். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் ஜனங்கள் தாமாகவே வழிவிட்டார்கள்.

"உங்க வேலை அங்கல்ல இருக்கு," என்றார் மசேசே.

"அங்கேர்ந்துதான் வர்றேன் மேடம். செத்தது எது, சாகாதது எதுன்னு இப்போ இந்த ஆஸ்பத்திரியில என்னவிட யாருக்குத் தெரியும்?"

ஏப்ரன் பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தாள். மேற்குப் பக்கம் தாழ்ந்திருந்த கிளையில் நகமளவு பட்டையைச் சுரண்டினாள். உள்ளே பச்சை. ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றுமில்லை. பிறகு பால் முத்து முத்தாகக் கட்டி, திரண்டு, வழிந்தது.

"செத்த உடம்புல பால் சுரக்குமா?"

ஒரு பெண் குலவையிட்டாள். மசேசே விரலால் அந்தப் பாலைத் தொட்டுப் பார்த்தார்.

கலோங்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. "இன்னைக்குப் பால் வரும். ரெண்டு மாசத்துல வராது. அப்புறம் காத்தடிச்சா புது வார்டு கூரைமேல விழும். யாரு பொறுப்பு?"

"விழுந்தா எம் பொறுப்புன்னு எழுதிக்கங்க. அதுல கையெழுத்துப் போடறேன்," என்றாள் எனெலேசி.

மசேசே விரலில் ஒட்டிய பாலைக் கைக்குட்டையில் துடைத்தார். பிறகு, "மழை பிடிக்கிற வரைக்கும்," என்றார். "அதுக்குள்ள தளிர் வரலன்னா ஆளக் கூப்பிடறது நானாத்தான் இருக்கும்."

ரம்பக்காரன் நல்ல மனதோடு ஒரு யோசனை சொன்னான். "வேர் பாதி போச்சுல்ல அக்கா. கிளையையும் பாதி கழிச்சுட்டா மரத்துக்குப் பாரம் குறையும்."

"அடுத்து வர்ற தளிர் அந்தக் கிளையிலதான் வரணும். தளிர்தான் வேருக்குச் சோறு போடும். ஏற்கனவே பட்டினி கெடக்கிறவளுக்கு இருக்கிற சட்டியையும் உடைக்கச் சொல்றியா?"

அன்று மத்தியானமே அவள் ஆரம்பித்தாள். பிணவறையில் சாப்பாட்டு வேளை ஒரு மணி நேரம். "செத்தவங்க நல்லவங்க," என்று மலிட்டாவிடம் சொன்னாள். "ஒரு நிமிஷம் முன்னால வான்னு யாரும் கூப்பிடறதில்ல."

முதலில், குழியை மூடியபின் மிஞ்சி அடிமரத்தின்மேல் குவிந்துகிடந்த மண்ணை இருவரும் தட்டால் அள்ளி அகற்றினார்கள். மரம் தரையைத் தொடும் இடம் விரிந்து தெரியும்வரை அள்ளினார்கள். அங்கே மண் மூடினால் பட்டை புழுங்கி அழுகிவிடும். அடுத்தது தரை. மேற்குப் பக்கம் லாரிகள் மூன்று மாதம் ஓடி ஓடி மண்ணைச் செங்கல்லாக்கிவிட்டிருந்தன. தண்ணீர் ஊற்றினால் உள்ளே போகாமல் ஓடியது. எனெலேசி கடப்பாரையால் இரண்டடிக்கு ஒன்றாகக் குழி போட்டாள். கையில் வேர் தட்டுப்பட்டால் விலகிப் போட்டாள். ஒவ்வொரு குழியிலும் மட்கிய இலையும் பழைய மாட்டுச்சாணமும் போட்டு நிரப்பினாள். கலவை இயந்திரத்தைக் கழுவிக் கழுவிச் சிமெண்ட் தண்ணீர் உறைந்துபோயிருந்த இடத்தில் அந்தச் சாம்பல் ஓட்டை மண்ணோடு சுரண்டி வெளியே கொட்டினாள். எல்லாவற்றின்மேலும் மக்காச்சோளச் சக்கையைக் கைப்பிடி உயரம் பரப்பினாள். சுற்றிலும் மூங்கிலால் வேலி.

அடுப்புகளை வேலிக்கு வெளியே தள்ளச் சொன்னபோதுதான் முணுமுணுப்பு கிளம்பியது. "நிழலும் போச்சு, இப்போ எடமும் போச்சா?" என்றாள் ஒருத்தி.

"எடம் போனாத்தான் நிழல் திரும்பும்," என்றாள் மலிட்டா. "தூக்கு உன் கல்ல."

தண்ணீர் பெரும்பாடு. குழாயில் வருவது வார்டுக்கே போதாது. கைபம்பு ஒன்றுதான் கதி. ஆளுக்கொரு வாளி அடிக்கும்போது ஒரு போணி மரத்துக்கு என்று எனெலேசி சட்டம் போட்டாள். அதையும் அடிமரத்தில் ஊற்றக் கூடாது; வேலி ஓரமாய், நுனி வேர் இருக்கும் இடத்தில், மெதுவாய். சோப்புத் தண்ணீர் ஆகாது. உப்புக் கருவாடு கழுவிய தண்ணீர் ஆகாது. சட்டம் சுலபம்தான். ஆனால் துணையாட்கள் நிலையானவர்கள் இல்லை. நாலு நாள், ஒரு வாரம், நோயாளி தேறியதும் மூட்டை கட்டிவிடுவார்கள். இன்று கற்றுக்கொண்டவள் நாளை மறுநாள் ஊரில் இருப்பாள். அவள் இடத்தில் புதிதாய் ஒருத்தி வந்து, குழந்தையின் துணி அலசிய நுரையை வேரில் கொட்டுவாள். எனெலேசி மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். அக்டோபர் மாதத்தில் அவள் அதை எத்தனை முறை சொன்னாள் என்று கணக்கில்லை. அவள் பிணவறையில் இருக்கும் நேரத்துக்கு மலிட்டா காவல்.

"ஏய், அது சோப்புத் தண்ணியா?"

"கொஞ்சம்தான் அக்கா."

"உம் பிள்ளைக்குப் பால்ல கொஞ்சம் கலந்து குடேன்."

மலேரியாவில் மகனைப் பறிகொடுத்த ஒருத்தி, மலைப்பக்கத்து ஊர்க்காரி, பிணவறை வாசலில் எனெலேசியின் கையிலிருந்துதான் துணி சுற்றிய அந்தச் சின்ன உடம்பை வாங்கிக்கொண்டாள். வண்டி வரக் காத்திருந்தபோது உடம்பைத் தன் தங்கையிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். பம்பில் ஒரு வாளி அடித்து, வேலி ஓரமாய், சொல்லிக்கொடுத்தபடியே மெதுவாய், முழு வாளியையும் ஊற்றினாள்.

லாரிகள் வேலியை இரண்டு முறை சாய்த்தன. இரண்டு முறையும் அவள் நிமிர்த்திக் கட்டினாள். மூன்றாம் முறை ஓட்டுநர் பின்னால் எடுத்தபோது வேலிக்குள் பதினைந்து பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். மலிட்டா எழுந்து வந்து கதவைத் தட்டினாள். "தம்பி, ஏத்திட்டுப் போ. எலும்பு முறிஞ்சா ஆஸ்பத்திரி பக்கத்துலதான்." அதற்குப் பிறகு லாரிகள் சுற்றிப் போயின.

நவம்பர் நடுவில் வேறு ஆபத்து வந்தது. வைசனே வந்து சொன்னான். புது வார்டின் கழிவுக்குழாய் மேற்குப் பக்கமாகப் போக வேண்டும்; புதன்கிழமை பொக்லைன் வருகிறது. மரத்துக்கு மிச்சமிருப்பது அந்தப் பக்கத்து வேர் மட்டும்தான்.

அந்தக் கணத்தில் எனெலேசிக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. ஒன்றரை மாதமாக ஒரு தளிர்கூட இல்லை. வானத்தில் மேகம் கூடுவதும் கலைவதுமாய் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்றிருந்தது.

"இதச் சொல்ல ஏன் நேர்ல வந்த?" என்று கேட்டாள்.

"அன்னைக்கு நீங்க பெஞ்சுல உக்காந்திருந்தப்ப தோண்டச் சொன்னது நான். சீக்கிரம் முடிடான்னு சொன்னேன். அது உறுத்திக்கிட்டே இருக்கு."

அவள் அவனை நன்றாகப் பார்த்தாள். பிறகு கடப்பாரையை எடுத்து வந்து தரையில் இறக்கினாள். ஒரு முழம்வரை வேர் தட்டிக்கொண்டே வந்தது. இரண்டு முழத்தில் அரிதாயிற்று. மூன்று முழத்தில் வெறும் மண்.

"பாத்தியா? வேர் எல்லாம் மேலதான் மூச்சு விடுது. இதுக்கு அடியில நுழைஞ்சு போ. இந்தப் பக்கம் ஒரு பள்ளம், அந்தப் பக்கம் ஒரு பள்ளம், நடுவுல எலி வளை மாதிரி குடைஞ்சு குழாயைத் தள்ளு."

"பொக்லைன் ஆகாது. கையாலதான் தோண்டணும். நாலு நாள் ஆகும் அக்கா."

"நாலு நாள்ல உனக்கென்ன, கல்யாணமா?"

"கலோங்கா புவானா ஒத்துக்க மாட்டாரு."

"அவரு படத்துல குழாய் எந்தப் பக்கம் போகணும்னு இருக்கு. வேருக்கு மேல போகணும்னு எழுதியிருக்கா?"

வைசன் தாளை விரித்துப் பார்த்தான். எழுதியிருக்கவில்லை.

அவன் கலோங்காவுக்குப் போன் செய்தான். மறுமுனையில் கத்துவது பத்தடிக்குக் கேட்டது. வைசன் "சரி புவானா" என்று ஏழெட்டு முறை சொல்லிவிட்டுப் போனைப் பையில் போட்டான்.

"என்ன சொன்னாரு?"

"சிக்னல் சரியா இல்ல," என்றான். பிறகு ஆட்களைப் பார்த்துத் திரும்பினான். "பொக்லைன் வேண்டாம்னு சொல்லிடுங்க. மம்பட்டி எடுங்கடா."

நாலு நாள் என்றது ஆறு நாள் ஆயிற்று. ஆட்கள் மண்ணுக்குள் படுத்துக் குடைந்தார்கள். விரல் கனத்துக்கு மேல் எந்த வேரையும் வெட்டுவதில்லை என்பது வைசன் போட்ட உத்தரவு. ஆறாம் நாள் குழாய் அடியில் நுழைந்து மறுபக்கம் தலைநீட்டியபோது பெண்கள் கைதட்டினார்கள். கலோங்கா வந்து பார்த்து ஆடித்தீர்த்தார். மசேசே அவரைத் தனியாக அழைத்துப்போய் ஏதோ சொன்னார். குழாய் அங்கேயே இருந்தது.

நவம்பர் கடைசியில் மழை பிடித்தது. முதல் மழைக்கு ஒன்றுமில்லை. எட்டாம் நாள் மலிட்டா பிணவறைக்கே ஓடிவந்துவிட்டாள். அதுவரை அந்தப் பக்கம் கால் வைக்கப் பயந்தவள்.

"அக்கா, வெளிய வாங்க. கையக் கழுவிட்டு வாங்க."

மேற்குக் கிளைகளின் நுனியெல்லாம் செம்பு நிறத்தில் கூர்கூராய் வெடித்திருந்தது. அடுத்த வாரம் அது பச்சையாகிப் பாதி மரத்தை மூடியது. பாதியை மட்டும். கிழக்குப் பக்கத்துப் பெரிய கிளை கரிக்கட்டை போல நின்றது. எனெலேசி ஏணி வைத்து ஏறி ஐந்து இடத்தில் சுரண்டினாள். எங்கும் பழுப்பு. பால் இல்லை. கீழே இறங்கியவள் நேராக மசேசேயிடம் போனாள்.

"கிழக்குக் கிளைய அறுக்கணும் மேடம். அது வார்டு பக்கம் சாய்ஞ்சிருக்கு. விழும்."

மசேசே நிமிர்ந்து பார்த்தார். "இத நீங்களா சொல்றீங்க?"

"செத்தத செத்ததுன்னு சொல்லணும்ல. எங்க அறுக்கணும்னு நான் காட்டுவேன். அடிமரத்தோட ஒட்டி அறுக்கக் கூடாது."

பெண்களுக்கு அது பொறுக்கவில்லை. "இதுக்கா தண்ணி சுமந்தோம்?" என்று மலிட்டாவே சண்டைக்கு வந்தாள். எனெலேசி பழுப்புப் பட்டையை அவள் உள்ளங்கையில் வைத்தாள். மலிட்டா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கயிறு பிடிக்கப் போனாள். கிளையைத் துண்டு துண்டாக அறுத்துக் கயிறு கட்டி இறக்கினார்கள். ஒரு துண்டுகூட வார்டு கூரையைத் தொடவில்லை. விறகு கொட்டகை அடுப்புகளுக்கே போயிற்று.

டிசம்பரில் மலிட்டாவின் புருஷன் ஊன்றுகோலோடு நடந்தான். கிளம்பும் அன்று அவள் தன் இடத்துக்கு ஒரு வயதான ஆளைப் பிடித்து நிறுத்திவிட்டுப் போனாள். அவர் மனைவிக்குக் காலில் ஆறாத புண். இரண்டு மாதம் இருக்க வேண்டியவர். "சோப்புத் தண்ணி ஊத்தினா மாவட்டத்தோட எந்த மூலையில இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சுடும்," என்று சொல்லி அவரை மிரட்டி வைத்தாள்.

ஏப்ரலில் புது வார்டு திறப்பு விழா. பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று வளாகமே சுண்ணாம்படித்து நின்றது. மரம் ஒரு பக்கம் மொழுக்கென்றும் மறுபக்கம் அடர்ந்தும், தலையைச் சாய்த்துக் கேட்பது போல இருந்தது. பந்தல்காரர்கள் இருப்பதிலேயே நல்ல நிழல் அதுதான் என்று வேலியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அங்கேயே முளையடிக்க ஆரம்பித்தார்கள். முழங்கை நீள இரும்பு முளைகள். இரண்டு இறங்கிவிட்டன.

பிணவறை ஜன்னலிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டு எனெலேசி வந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. முதல் முளையை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். இரண்டாவதையும் பிடுங்கினாள். இரண்டையும் பந்தல்காரன் காலடியில் வைத்தாள்.

"ஏம்மா, அமைச்சரு உக்கார்ற எடம் இது," என்றான் அவன்.

"தாராளமா உக்காரட்டும். வேலிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போடு. நிழல் அங்கேயும் வரும்."

அவன் மசேசே அம்மையாரைத் தேடித் திரும்பினான். படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர் எனெலேசியின் ரப்பர் பூட்ஸையும், ஈர மண் ஒட்டிய முளைகளையும், கடிகாரத்தையும் பார்த்தார்.

"இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு," என்றார் பந்தல்காரனிடம். "அவங்க சொல்ற எடத்துல அடி."

எனெலேசி கிடந்த மூங்கில்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். விருந்தினர் கார்கள் வாயிலில் திரும்பும்போது அவள் முதுகைக் காட்டியபடி வேலியின் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தாள்.